விட்டு விட்டுப் பேசிய முதலாளி

"யாரையும் வேலையை விட்டு அனுப்ப..." என்று சொன்னதோடு முதலாளியின் குரல் காணாமல் போனது. முந்நூறு ஊழியர்களும் அவரவர் திரை முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குரல் திரும்பி வந்தபோது, "...அடுத்த மாசமே!" என்று முடிந்தது.

நடுவில் தொலைந்தது, "மாட்டேன், புது ஆளுங்களைச் சேர்க்கத்தான் போறேன்" என்ற பகுதி. அது தெரியவருவதற்குள் பதினோரு பேர் வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். இரண்டு பேர் அழுதுகொண்டே போட்டார்கள். ஒன்பது பேர் சந்தோஷமாக.

இதில் கேவலம் என்னவென்றால், அந்தக் கம்பெனி விற்பதே இணையத்தில் பேசும் செயலிதான். வாசலில் ஆளுயர எழுத்தில் 'ஒரு சொல்லும் சிந்தாது' என்று பலகை வேறு.

குரல் தரப் பிரிவுக்குப் பொறுப்பாளர், முதலாளியின் தங்கை கணவர். காவலாளியிலிருந்து கணக்காளர் வரை எல்லாரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். அது மரியாதையா, கிண்டலா என்று அவருக்கு எட்டு வருஷமாகச் சந்தேகம்.

"என்ன மாப்ளே, ஊருக்கெல்லாம் விக்கிறோம், என் குரலே போய்ச் சேர மாட்டேங்குது?" என்றார் முதலாளி.

"லைன்ல பாரம் ஜாஸ்தி மச்சான்... இல்ல, சார். உங்க வீடியோ இடத்தை அடைச்சுக்குது."

"நான் இடத்தை அடைச்சுக்கறேன்ங்கறீங்க."

"வீடியோ சார், வீடியோ."

அடுத்த மாதப் பேச்சுக்கு வீடியோவை நிறுத்திவிட்டு, முதலாளியே தேடிக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் போட்டார்கள். மெல்லிய சிரிப்பு. கீழே கம்பெனி தொடங்கிய வருஷம், பக்கத்தில் ஒரு சிறு கோடு. குரல் அப்போதும் விட்டு விட்டுத்தான் வந்தது. தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், நிசப்தத்தைக் கேட்டார்கள், எழுந்து நின்றார்கள். மத்தியானத்துக்குள் ஆபீசுக்கு இரண்டு மலர் வளையங்கள் வந்து இறங்கின.

வீட்டில் மாப்பிள்ளையின் மனைவி காத்திருந்தாள்.

"எங்கண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கார். எனக்குத் துக்கம் விசாரிச்சு நாலு போன்!"

"படத்தைக் குடுத்ததே உங்கண்ணன்தான்."

"அவர் குடுத்தா? உங்க புத்தி எங்க மேயப் போச்சு?"

மூன்றாவது மாதம் மாப்பிள்ளை வேறு வழி பிடித்தார். ஒலியை நாலு விநாடி தேக்கிவைத்து, கிழிசலைத் தைத்து, அப்புறம் அனுப்புவது. குரல் முழுசாகப் போனது. ஆனால் போக நாலு விநாடி, பதில் வர நாலு விநாடி. முதலாளி தன் பழைய நகைச்சுவை ஒன்றைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. முகம் சுருங்கி, அடுத்த விஷயத்துக்குத் தாவினார்.

"நம்ம கணக்காளர் மாடிப்படியில உருண்டு காலை ஒடிச்சுக்கிட்டார்ங்கறதை வருத்தத்தோட..."

முந்நூறு பேரின் சிரிப்பும் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

மாவுக்கட்டோடு படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்த கணக்காளர் சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் போன் செய்தார். "நல்லா சிரிங்க சார். இன்னொரு கால் பாக்கி இருக்கு, அதையும் ஒடிச்சுக்கறேன்."

முதலாளி கூப்பிட்டனுப்பினார். "அடுத்த மாசம் ஒரு வார்த்தை விட்டுப் போச்சு, உங்களை லிஃப்ட் பராமரிப்புக்கு மாத்திடுவேன். தங்கச்சி முகத்துக்காகத்தான் வீட்டுக்கு அனுப்பாம வெச்சிருக்கேன்."

நேரில் சொன்னதால் இதில் ஒரு சொல்லும் சிந்தவில்லை.

மாப்பிள்ளை ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் 'இடைவெளி நிரப்பி' என்று ஒன்றைச் செய்தார். குரல் அறுந்து மௌனம் விழுந்தால், அந்த இடத்தில் முதலாளி என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்து, அவர் குரலிலேயே பேசிவிடும். அதைப் பழக்க நிறையப் பேச்சு வேண்டும். முதலாளியின் பழைய பதிவுகளில் பாதி ஓட்டை. குரலை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, பேச்சுக்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் பதிவுகளைப் போட்டுப் பழக்கினார்.

"அண்ணன் பேசாததை அண்ணன் குரல்ல பேசுமா?" என்றாள் மனைவி.

"ஒண்ணு ரெண்டு வார்த்தைதான்."

"ஏடாகூடமா எதையாவது சொல்லிடுச்சுன்னா?"

"அதெல்லாம் சொல்லாது. உங்கண்ணனை விட அதுக்கு மரியாதை தெரியும்."

மனைவி கரண்டியை வைத்த சத்தத்தில் அந்தப் பேச்சு முடிந்தது.

பேச்சு நாள் வந்தது. இந்த முறையும் வீடியோ இல்லை, குரல் மட்டும்தான். முதலாளி மாடியில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். "நீங்க கீழ ஹால்ல எல்லாரோடயும் உக்காந்து கேளுங்க. வார்த்தை போனா எனக்குத் தெரியணும்" என்று உத்தரவு. மாப்பிள்ளை முதல் வரிசையில், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"வணக்கம். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறேன்" என்று தொடங்கியது முதலாளியின் குரல்.

ஹாலில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த மனிதர் இருபது வருஷத்தில் வருந்தி யாரும் பார்த்ததில்லை.

"இத்தனை நாள் பொறுமையாகக் காத்திருந்ததற்கு நன்றி. உங்கள் குறை எங்களுக்கு முக்கியம். தயவுசெய்து சொல்லுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

ஊன்றுகோலோடு வந்திருந்த கணக்காளர் கண்ணைத் துடைத்தார். காவலாளி வாசலை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். நாற்பது நிமிஷம், ஒரு விக்கல் இல்லை, ஓர் அறுப்பு இல்லை. "வேறு ஏதாவது உதவி நான் செய்யலாமா?" என்று குரல் கேட்டபோது, பின்வரிசையில் ஒருவர் விம்மியே விட்டார். ஒன்றிரண்டு சொல் நம் நிரப்பி போட்டதாயிருக்கும், மற்றதெல்லாம் மச்சானின் மனசு என்று நினைத்துக்கொண்டார் மாப்பிள்ளை. இந்த மனுஷனையா கல்நெஞ்சன் என்றோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கைதட்டல் ஓயுமுன் முதலாளி படியிறங்கி வந்துவிட்டார்.

"மாப்ளே! இனிமே ஞாயித்துக்கிழமையும் வேலைன்னு சொன்னேன். கை தட்டறாங்க! கணக்காளர் கட்டிப் பிடிச்சு அழறார்!"

"ஞாயித்துக்கிழமையா?"

"இருபதாவது நிமிஷத்துல சொன்னேனே. நீங்க கேக்கலையா?"

மாப்பிள்ளைக்கு நினைவில்லை. அப்போது தான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "கேட்டேன் சார். அருமையா இருந்துது."

"சாரும் வேண்டாம், மோரும் வேண்டாம். மச்சான்னே கூப்பிடுங்க. நாளையிலேருந்து நீங்கதான் துணைத் தலைவர்."

மனைவியிடமிருந்து போன் வந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, "சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடி ஏறினார். முதலாளி அறை வாசலில், மாடியைப் பெருக்கித் துடைக்கும் அம்மா அவரைப் பார்த்ததும் பதறிப்போய் நின்றார்.

"காலையில பெருக்கறப்போ ஐயாவோட மைக்கு வயரைப் பிடுங்கிப் போட்டேன் தம்பி, மாட்ட மறந்து இப்பதான் ஓடி வரேன்... ஐயா எத்தனை மணிக்குப் பேசப் போறார்?"