இடது பக்கப் பின் டயர்

மாகறல் தாண்டி அதே புளியமரம். அதே இடது பக்கப் பின் டயர். வேதாசலம் வண்டியை விட்டு இறங்கி டயரை ஓர் உதை உதைத்தார். டயர் பொத்தென்று அமுங்கியது.

"மறுபடியுமா?" என்றாள் சுலோச்சனா. கேட்டவள் கணவரின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கியே விட்டாள்.

உத்திரமேரூரிலிருந்து தாமலில் இருக்கும் மகள் சசிரேகா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்த ஒரு மாதமாக இதே கதைதான். பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். துணி எடுக்க ஒரு தடவை, பத்திரிகை வைக்க ஒரு தடவை, சமையல்காரரைப் பார்க்க ஒரு தடவை என்று அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வண்டி இந்த மரத்தடிக்கு வந்ததும் உட்கார்ந்துகொண்டது.

மரத்தடியில் முனியனின் பஞ்சர் கடை. அதை ஒட்டி அவன் மனைவி செங்கேணியின் டீக்கடை. முனியன் டயரைக் கழற்றி, வழக்கம்போல் வால்வை முறுக்கிக் கொஞ்சம் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி உருட்டிப் பார்த்தான். ஒரு குமிழி வரவில்லை.

"ஓட்டையே இல்லண்ணே. காத்து அடிச்சா போதும்."

"ஓட்டை இல்லாம காத்து எங்கடா போச்சு?"

"அத்த காத்தத்தான் கேக்கணும்."

செங்கேணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு டீ ஆற்றினாள். சுலோச்சனா மரத்து வேரில் சாவகாசமாக உட்கார்ந்து கடலை உரித்தாள்.

வேதாசலத்துக்கு அவமானமாக இருந்தது. டயர் விஷயத்தில் தன்னை மிஞ்ச அந்தத் தாலுகாவிலேயே ஆள் இல்லை என்பது அவர் நினைப்பு. கல்யாணமான புதிதில் அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. நைலான் டயர், உள்ளே ட்யூப். போக ஒரு பஞ்சர், வர ஒரு பஞ்சர் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவார். லீவர், மிதி பம்பு, ஒட்டுப்போடும் ரப்பர் எல்லாம் டிக்கியிலேயே கிடக்கும். வால்வுக்கு அப்போது பித்தளை மூடி. அதன் தலையில் பொடிசாக இரண்டு பல் இருக்கும். மூடியைக் கழற்றி, தலைகீழாக உள்ளே விட்டு லேசாகத் திருகினால் வால்வுக்குள் இருக்கும் பின் இளகிக் காற்று மெல்ல மெல்ல இறங்கும். வேறு ஆயுதமே தேவையில்லை. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் மூடி. அம்பாசடரை எடைக்குப் போட்ட அன்று அப்படி ஒரு மூடியை மட்டும் ஞாபகார்த்தமாகக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கே வைத்தார் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

அந்த நாட்களில் வண்டி நிற்பதும் இந்தப் புளியமரத்தடியில்தான். அவர் கையெல்லாம் கிரீஸாக ட்யூபை உருவிக்கொண்டிருப்பார். சுலோச்சனா கடலையை உரித்து உரித்து அவர் வாயில் போடுவாள். சசிரேகா வயிற்றில் இருக்கிற செய்தியைச் சொன்னதும் இங்கேதான், அவர் ஸ்டெப்னி மாட்டிக்கொண்டிருந்தபோது. சந்தோஷத்தில் நட்டை முறுக்க மறந்து கிளம்பினார். கொஞ்ச தூரத்தில் சக்கரம் மட்டும் தனியாகக் கழன்று, இவர்களை முந்திக்கொண்டு ஓடி, யாரோ ஒருவரின் நாற்றங்காலில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை நினைத்தால் சுலோச்சனாவுக்கு இன்றைக்கும் சிரிப்பு அடங்காது.

இப்போது ட்யூப் இல்லாத டயர். உள்ளே எஃகுக் கம்பி. ஆணி ஏறினால்கூட ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டால் உத்திரமேரூர் முடிந்ததும் தாமல் வந்துவிடுகிறது. நடுவில் அவர் நெல் வியாபாரிகளோடு போனில் பேசுவார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவ்வளவுதான் பயணம்.

காற்று அடித்து முடிக்கும் நேரம் சென்னையிலிருந்து மகன் தமிழரசன் போன் செய்தான். வேதாசலம் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசினார்.

"நைனா, இன்னிக்கும் நின்னுடுச்சாமே. தோ பாரு, காதுகுத்து அன்னிக்கி சீர்த்தட்டு ஒங்கிட்டதான் கீது. நல்ல நேரத்துக்குள்ள நீ வந்து சேரலன்னா, அடுத்த நாளே வண்டிய வித்துடறேன். அப்பறம் எங்க போறதுனாலும் நான் கார் புக் பண்ணி அனுப்பறேன், நீயும் அம்மாவும் பின்னாடி குந்திக்கினு வாங்க."

"யாரு ஓட்டற வண்டியிலயோ நான் பின்னாடி குந்தறதா?"

"அப்ப டயர மாத்து."

இதை அவர் சுலோச்சனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மகன் மிரட்டி அப்பா பயந்ததாக ஆகிவிடும்.

மறுநாளே காஞ்சிபுரத்தில் கடை கடையாக ஏறினார். விரலால் தட்டினார், மோந்து பார்த்தார், தரையைப் பிடிக்கிற பட்டன்களின் குழியில் நகத்தை விட்டு ஆழம் பார்த்தார். கடைசியில் ஒரு கடையில் ஆடித் தள்ளுபடியில் நான்கு டயர் படிந்தது. பக்கத்துக் கடைக்காரருக்கே பொறாமை வரும் விலை.

புது டயர் போட்டால் நான்குக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். வேதாசலம் வண்டியை நகர்த்தினார். மூன்று நசுங்கின. இடது பக்கப் பின் டயருக்கு வைத்த பழம் மட்டும் உருண்டு சாக்கடையில் விழுந்தது.

"வேற ஒண்ணு வாங்கியாரட்டுமா?" என்றாள் சுலோச்சனா.

"மூணு போதும். டயரு புச்சு."

அடுத்த பயணத்தில் மரத்தடிக்கு வந்ததும் அதே டயர் படுத்துவிட்டது.

"பழம் நசுங்காத டயரு," என்றாள் சுலோச்சனா, கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபடி. அன்று அவள் ரொம்ப உற்சாகமாக இருந்தாள். நாற்றங்காலில் படுத்த சக்கரத்தைச் செங்கேணிக்கு முதலிலிருந்து சொன்னாள். நடுவில் வேதாசலமும் சேர்ந்துகொண்டு, வயல்காரர் துரத்தியதை நடித்தே காட்டினார். கொஞ்ச நேரம் டயரே அவருக்கு மறந்துபோயிற்று.

ஊர் திரும்பியதும் ஞாபகம் வந்தது. முதல் வேலையாக விட்டுப்போன பழத்தை நசுக்கினார். பிறகு பூதக்கண்ணாடி வைத்து டயரின் பக்கவாட்டைப் படித்தார். அதில் வாரமும் வருஷமும் சேர்த்துப் பொறித்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வாங்குகிற அவசரத்தில் பார்க்கவில்லை. தள்ளுபடி டயர் பேரனைவிட வயதில் பெரியதாக இருந்தது. கடையில் கேட்டால், "ஓடாத டயருதானே சார், வயசானா இன்னா?" என்றார்கள்.

ஆனால் மற்ற மூன்று டயருக்கும் அதே வயதுதானே. அவற்றில் ஏன் காற்று இறங்கவில்லை? யோசித்ததில் வேதாசலத்துக்கு ஒரு விபரீதமான எண்ணம் தோன்றியது. எப்போதும் பஞ்சர் கடைக்கு முன்னாலேயே காற்று இறங்குகிறது. அப்படியென்றால், ஓட்டை தெரியாவிட்டாலும், யாரோ வழியில் ஆணி போடுகிறார்கள்.

கோயில் ஒலிபெருக்கிக்காரரிடம் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை வாங்கி, வண்டிக்கு முன்னால் ரோட்டை உரசுகிற மாதிரி கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். வழியெல்லாம் அது கடகடவென்று இழுபட்டுக்கொண்டு வந்தது. புளியமரத்தடியில் வண்டி வழக்கம்போல் நின்றது. குனிந்து பார்த்தார். காந்தத்தில் சோடா மூடி, ஊக்கு, மாட்டு லாடம், அதோடு நான்கைந்து ஆணி.

காந்தத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் முனியன் முன்னால் போட்டார்.

"இன்னாடா இது?"

"ஆணி."

"யாரு போட்டது?"

முனியனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"எங்க நைனா காலத்துலேந்து ஒன் வண்டிக்கு ஒட்டுப் போட்டுக்கினு கீறோம். நான் ரோட்டுல ஆணி போட்டா பொழைக்கிறேன்? இனிமே இங்க நிக்காத. நின்னாலும் காத்து அடிக்க மாட்டேன்."

சுலோச்சனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவன் மேல இன்னா தப்பு? வாயத் தொறக்காம வாங்க," என்று அவரைப் பிடித்து இழுத்தாள். பெஞ்சின் மேலிருந்த கூடையை அள்ளிக்கொண்டு வேகவேகமாக வண்டிக்கு நடந்தாள். செங்கேணி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். ஸ்டெப்னியை வேதாசலமே மாட்டினார். பேச்சும் இல்லை, கடலையும் இல்லை.

காதுகுத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெரிய கடைக்குப் போனார். முதலாளி ஸ்ரீகாந்த் வாழ்நாளில் டயரைத் தவிர வேறு பேச்சு பேசியிராதவர்.

"வெலய மட்டும் பாக்காதீங்க சார். எவ்ளோ தூரம் ஓடும், மழையில பிரேக்கு புடிக்குமா, எப்ப செஞ்சது, இத்தப் பாருங்க. ரெண்டு மலிவு டயரு தேயறதுக்குள்ள இது ஒண்ணு தேயாது. அப்ப எது மலிவு?"

இந்த முறை வேதாசலம் பேரம் பேசவில்லை. போன மாசம் செய்த டயர், புது வால்வு, அதில் நைட்ரஜன் காற்று. நான்கு எலுமிச்சம்பழத்தையும் கையால் பிடித்து வைத்து நசுக்கினார்.

காதுகுத்து அன்று வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. புளியமரம் வந்தது, போயிற்று. முனியன் தலையைத் திருப்பிக்கொண்டதை வேதாசலம் பார்த்தார். நல்ல நேரம் தொடங்குவதற்கு முன்பே சீர்த்தட்டு தாமலில் இறங்கிவிட்டது. தாய்மாமனாகக் குழந்தையை மடியில் வைத்திருந்த தமிழரசன், "பரவால்ல நைனா, நல்ல டயராத்தான் புடிச்சிருக்க. வண்டி இருக்கட்டும்," என்றான். வேதாசலத்துக்கு அதற்கப்புறம் விருந்தில் எது சாப்பிட்டாலும் ருசித்தது.

மாலையில் கிளம்பும்போது சுலோச்சனா இடது பக்கப் பின் கதவருகே நின்று கூடைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தேடற?"

"ஒண்ணுமில்ல. போலாம்," என்று பெருமூச்சு விட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. வேதாசலம் போனை எடுக்கவில்லை. ஆனாலும் பேச ஒன்றும் வரவில்லை. காஞ்சிபுரம் தாண்டியது. இந்த அருமையான டயர் இப்படியே கொண்டுபோய் வீட்டில் விட்டுவிடும் என்று தோன்றியதும் அவருக்கு ஏக்கமாக இருந்தது. புளியமரம் தெரிந்தது. அவராகவே பிரேக்கை மிதித்தார்.

"இன்னாங்க, டயரு நல்லாத்தானே கீது?"

"நல்லாத்தான் கீது. டீ சாப்டலாம்னு பாத்தேன்."

சுலோச்சனா அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். பிறகு கூடையைத் திறந்து கடலைப் பொட்டலத்தை எடுத்தாள்.

வேதாசலம் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு நேரே முனியனிடம் போனார். "தப்பா பேசிட்டேன்டா. மனசுல வெச்சிக்காத." முனியன் பையை வாங்கி, உள்ளே லட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, "வுடுண்ணே," என்றான்.

சமாதானம் ஆனதும் வேதாசலத்துக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. டயரைத் தட்டிக் காட்டினார். "டயருன்னா இது டயரு. தாமல் போய்ட்டு வந்திருக்கேன், ஒரு பொட்டு காத்து எறங்கல. வாங்கத் தெரிஞ்சு வாங்கணும்."

செங்கேணி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். இடுப்பிலிருந்து எதையோ எடுத்து, தலைப்பால் துடைத்து, சுலோச்சனாவின் கையில் கொடுத்தாள். ஒரு சின்னப் பித்தளை மூடி.

"அன்னிக்கி சண்டையில இத்த பெஞ்சு மேலயே வுட்டுட்டுப் போய்ட்டீங்கக்கா. இது இல்லாம இன்னிக்கி காத்த எப்பிடி எறக்குவீங்களோன்னு காலையிலேந்து எனக்கு ஒரே பேஜாரு."