மீசைக்கு வந்த மகப்பேறு உதவி

"மகப்பேறு உதவித்தொகை, முதல் தவணை" என்று கைபேசிக்கு வந்த செய்தியை ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் நாலு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவது தடவையும் படித்தார். பணம் அவருடைய வங்கிக் கணக்கில்தான் விழுந்திருந்தது. அனுப்பியது அவர் வேலை பார்க்கும் சோப்புக் கம்பெனிதான். ஆனால் அவருக்கு வயது ஐம்பத்தாறு. கிடங்கில் எல்லோரும் கூப்பிடுவதே 'மீசை' என்றுதான்.

வீட்டுக்கு போன் போட்டார்.

"குடுத்தா வாங்கிக்குங்களேன்" என்றாள் மனைவி. "ஃப்ரிட்ஜ் மாத்தணும்னு ரெண்டு வருஷமா கத்திட்டிருக்கேன்."

"அடியே, பிள்ளைத்தாச்சிக்குப் போக வேண்டிய பணம். எந்தப் பொண்ணு இதை நம்பிக் காத்துட்டிருக்காளோ!"

"அப்ப மருமககிட்டக் கேட்டுப் பாருங்க. அவளும் அங்கதானே வேலை பாக்குறா."

"மாமனார் மருமககிட்டப் பேசுற பேச்சாடி இது? போனை வை."

சம்பளப் பிரிவுக் குமாஸ்தா அவருடைய பணியாளர் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"உங்க பேர்ல அப்படி எதுவும் போகலையே சார்."

"வந்திருக்கே தம்பி! திருப்பி எடுத்துக்குங்க."

"போகாத பணத்தை எப்படித் திருப்பி வாங்குறது? ஒண்ணு பண்ணலாம். உங்க பேர்ல மகப்பேறு விண்ணப்பம் ஒண்ணு பதிவு பண்ணி, உடனே ரத்து பண்ணிடலாம். அப்ப திருப்பி வாங்க வழி இருக்கும்."

விட்டால் போதும் என்று மீசை கையெழுத்துப் போட்டார். பதிவு ஆகிவிட்டது. ரத்துதான் ஆகவில்லை.

"டாக்டர் சர்டிபிகேட் கேக்குது சார்."

"என்னன்னு?"

குமாஸ்தா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க மாசமா இல்லேன்னு."

கம்பெனி மருத்துவ அறையில் டாக்டரம்மா, "யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தாம்மா."

டாக்டரம்மா முதல் வேலையாக அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார். குமாஸ்தா அதையும் ஏற்றினார். கம்ப்யூட்டர் அதை முதல் மாதப் பரிசோதனை என்று வரவு வைத்துக்கொண்டது.

மீசை கிடங்குக்குத் திரும்பியபோது, மேஸ்திரி வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உத்தரவு வந்திருக்கு மீசை. இனிமே நீ வண்டி ஓட்டக் கூடாது. குனிஞ்சு நிமிரக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கால நீட்டி உக்காரணும்."

"யோவ், நான் சொல்றதைக் கேளுய்யா..."

"கோவப்படாதே. உனக்கு ஆகாது."

பெட்டி அடுக்குகிறவன் ஓடிப் போய் நாற்காலி கொண்டுவந்தான். "புளிப்பா ஏதாவது வேணுமாண்ணே?"

மீசை அடுத்த நிமிடம் காசாளர் அம்மாவின் மேசை முன்னால் நின்றார்.

"அம்மா, பணத்தை எடுத்துக்குங்க. என் வண்டியைக் குடுங்க. பாவம், அந்தப் பொண்ணையும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

காசாளர் அம்மா பக்கத்து மேசையில் இருந்த குமாஸ்தாவை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க ஆளைத் தேடியிருக்கீங்க. பணம் போன கணக்கைத் தேடினீங்களா?"

அவர் வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டினார். ஒரே தட்டு.

"இருக்கே! வேலைக்குச் சேந்தப்ப அந்தப் பொண்ணுக்குச் சொந்தக் கணக்கு இல்ல. உங்க நம்பரை எழுதிக் குடுத்திருக்கு. முதல் சம்பளத்துக்குள்ளேயே வேற கணக்கு தொடங்கிடுச்சு. உதவித்தொகைப் படிவத்துல மட்டும் பழைய நம்பரே நின்னுபோச்சு."

மீசை மேசைக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது.

"அப்பாடா! ஆள் கிடைச்சாச்சே, அது போதும். வரச் சொல்லுங்கம்மா, இப்பவே கையில குடுத்துடறேன்."

காசாளர் அம்மா போனில் யாரையோ கூப்பிட்டார்.

"ஆனா ஒண்ணு" என்றார் மீசை. "முன்னபின்ன தெரியாத பொண்ணு என் நம்பரை ஏன் எழுதுச்சு?"

"அவங்ககிட்டயே கேளுங்க. வந்துட்டாங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவரைப் பார்த்ததும் சட்டென்று நின்று, தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வீட்டுல சொல்லலாம்னு இருந்தோம் மாமா."