சூசையப்பரின் வலது கை

சூசையப்பரின் வலது கை அந்தனியின் கையோடு வந்துவிட்டது.

எல்லாம் புதுக் கண்ணாடியால் வந்த வினை. போன வாரம்தான் அவிசாவளையில் வாங்கினார். அதுவரை கோயில் வாசலில் நின்றால் சுரூபம் எது, தூண் எது என்றே அவருக்குத் தெரியாது. இன்றோ சூசையப்பரின் விரலிடுக்கில் சிலந்தி வலை தெரிந்தது. துணியால் துடைத்தார். மணிக்கட்டோடு கழன்றது.

நாளை திருநாள். பூசைக்குத் தெஹியோவிட்டையிலிருந்து சாமியார் வருவார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்குப் பசைக்கா பஞ்சம்? வாளியில் ஒட்டியிருந்த பாலைப் பூசிக் கையை ஒட்டினார். வெள்ளைச் சுரூபத்தில் வெள்ளைப் பால், வித்தியாசமே தெரியவில்லை.

விடிந்தபோது பால் பழுப்பேறியிருந்தது. கோயில் கூட்டும் மரியாயி, போன வருடம் சூசையப்பர் கழுத்தில் ஒரு பட்டுத்துணியைச் சுற்றியிருந்தாள். அதைப் பார்த்ததும் அந்தனிக்கு யோசனை வந்தது. மணிக்கட்டில் ஒரு பூமாலையைத் தொங்கவிட்டார்.

சாமியார் வந்து சேருமுன் சொன்ன செபம் பாதியில் இருக்கும்போது மாலையின் கனத்தில் கை கழன்றது. கீழே விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ரப்பர் இழையில் தொங்கி, மேலும் கீழுமாக ஆடியது.

"நம்மள வரச் சொல்றாரா, போகச் சொல்றாரா?" என்றாள் முன்வரிசை அனிற்றா.

செபத்தை நடத்திக்கொண்டிருந்த உபதேசியார் ரெஜினோல்ட் அதை நிறுத்தினார்.

"யாரு செஞ்ச வேல இது?"

அவர் கண் வரிசை வரிசையாகப் போனது.

"நேத்து கோயில் கூட்டினது யாரு?"

"நான்தாங்க" என்றாள் மரியாயி. பன்னிரண்டு வருடமாகக் கோயில் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. புருஷன் போன பிறகு தோட்டத்தில் அவளுக்கிருந்த ஒரே மரியாதை அது.

"ஒடைச்சதும் நீங்கதானா?"

அவள் அந்தனியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலை குனிந்துகொண்டாள்.

அந்தனி வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

"பாருங்க, அந்தனி அண்ணனுக்கே மனசு தாங்கல" என்ற உபதேசியார், அவளிடம் சாவியை வாங்கி அந்தனியின் கையில் வைத்தார். "இனி பொறுப்பான ஆளு வச்சிருக்கட்டும்."

"ஹரி" என்று சிங்களத்தில் ஒரு 'சரி' மட்டும் சொன்னாள் மரியாயி.

திருநாள் சோற்றை அந்தனி தட்டில் அளைந்துகொண்டே இருந்தார். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் அவரைக் 'கோயில் பெரியவரே' என்று கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆள் கூப்பிட்டபோது, நேரங்கெட்ட நேரத்தில் லயத்துக் குடியிருப்பில் சேவல் ஒன்று கூவியது. அந்தனி சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

உபதேசியாரிடம் உண்மையைச் சொல்லி, வேண்டிய மட்டும் திட்டு வாங்கிக்கொண்டு, மரியாயியின் வீட்டுக்குப் போனார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் மரியாயி. இந்தா ஒஞ் சாவி. என்னைய மன்னிச்சிரு."

"நீங்க பால் பூசினத நான் ஜன்னல் வழியா பாத்தேன் அண்ணே."

"பாத்தியா? அப்புறம் ஏன் பேசாம பழியச் சொமந்த?"

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போன திருநாளுக்கு நான் சூசையப்பர் கழுத்த ஒடைச்சு ஒட்டினப்ப, வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்களே அண்ணே, நீங்க யார்ட்டயாவது சொன்னீங்களா?"