இருபத்து நான்கு மடங்கு அவமானம்

இரண்டு எண்களில் எது பெரியதோ அதுவே நல்லது என்று நம்பி வளர்ந்தவன் நான். அதற்கு நியாயமும் உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன். பத்தாம் வகுப்பில் பெரிய எண் வாங்கினேன், தேவனாம்பட்டினத்தில் எங்கள் தெருவே வந்து பார்த்தது. பிளஸ் டூவில் அதைவிடப் பெரிய எண். இந்த முறை பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து பார்த்தது. அப்புறம் போன் வாங்கினால் மெகாபிக்சல், மிக்சி வாங்கினால் வாட்ஸ் என்று ஆகிவிட்டேன். (தலைவலித் தைலத்தின் அட்டையில்கூடச் சதவீதம் தேடியிருக்கிறேன். இருந்தது. பெரியதாகவே வாங்கினேன். கண் எரிந்தது.)

இந்த வியாதி முற்றிய கதையைச் சொல்கிறேன்.

கல்லூரியில் என்சிசியில் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்த ருசி விடாமல், படிப்பு முடிந்ததும் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்திருந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த நண்பன் அமல்ராஜ். ஓல்டு டவுனில் ஐஸ் பேக்டரியில் வேலை. நான் எவ்வளவு பேசுவேனோ அவ்வளவு பேசமாட்டான். நான் எவ்வளவு தவறவிடுவேனோ அவ்வளவு தவறவிடமாட்டான். அந்த வருஷம் கிளப்பில் ஜோடிப் போட்டி ஒன்று அறிவித்தார்கள். நூறு மீட்டர், படுத்துக்கொண்டு சுட வேண்டும், துப்பாக்கியின் மேல் ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கி, பொருத்திக்கொள்ளலாம். இருவரும் ஒரே துப்பாக்கியில் அடுத்தடுத்துச் சுட, இருவர் புள்ளிகளையும் கூட்டுவார்கள். ஜெயிக்கும் ஜோடி மாநிலப் போட்டிக்குப் போகும். அமல்ராஜுக்கு மஸ்கட் விசா வந்திருந்தது. மாநிலப் போட்டி முடிந்த கையோடு விமானம். "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்த ஸ்டேட் ரேஞ்சுல படுத்துச் சுட்டுடணும் மச்சான்" என்றான். அவன் வாய் திறந்து ஆசை என்று சொன்னது அது ஒன்றுதான்.

துப்பாக்கி கிளப்புடையது. ஸ்கோப் மட்டும் நாங்கள் வாங்க வேண்டும். நல்ல வெளிநாட்டு ஸ்கோப்பின் விலைக்கு அப்பாவின் படகுக்கு ஒரு இன்ஜினே வாங்கிவிடலாம். ஆகவே மலிவாகவும் நல்லதாகவும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு படித்தவனான என்னிடம் வந்தது. இரண்டு வாரம் வீடியோ பார்த்தேன். நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டேன். சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் யாராலும் என்னோடு பேச முடியவில்லை; "சாம்பார் ஊத்தட்டுமா?" என்று அம்மா கேட்டால், லென்ஸின் குறுக்களவு சொல்வேன்.

அமல்ராஜ் ஒன்றே ஒன்று சொன்னான். "நோட்டெல்லாம் இருக்கட்டும்டா. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ண வெச்சுப் பாத்துடுவோம்."

சிதம்பரத்தில், கிழக்குக் கோபுரம் தெரிகிற மாதிரி ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கிரிக்கெட் மட்டைக்கும் கேரம் போர்டுக்கும் நடுவில் ஏர்கன் மாட்டியிருக்கும். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். அவர் இரண்டு ஸ்கோப்பை எடுத்து வைத்தார். ஒன்று குட்டையாக, ஒரு அலங்காரமும் இல்லாமல் இருந்தது; நான்கிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை பெரிதாக்கும். மற்றது நீளமாக, உள்ளே சிவப்பு விளக்கு எரிய, ஆறிலிருந்து இருபத்து நான்கு மடங்கு. இரண்டுக்கும் ஒரே விலை.

"தம்பி, வெல ஒண்ணுதான்" என்றார் பாய். "ஆனா இந்தக் குட்டையில காசு கண்ணாடிக்குப் போயிருக்கு. அந்த நீட்டுல காசு நம்பருக்குப் போயிருக்கு. உங்க இஷ்டம்."

நான் புன்னகைத்தேன். (அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போதும் தலையணையில் முகத்தைப் புதைக்கத் தோன்றுகிறது.) நீளமானதை இருபத்து நான்கில் வைத்து வாசல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்தேன்.

"மச்சான்! ஒரு பொம்மையோட மூக்கு தெரியுதுடா! மூக்குல புறா எச்சம் தெரியுதுடா!"

"எத்தனாவது நெலையில இருக்குற பொம்ம?" என்றான் அமல்ராஜ்.

கண்ணை எடுத்துப் பார்த்தேன். ஏழு நிலை, எக்கச்சக்கமான பொம்மை. "அது எதுக்குடா நமக்கு?"

பாய் கல்லாவைப் பார்த்தபடி, "பெருசா காட்டும் தம்பி. எடத்தக் காட்டாது. ஜாஸ்தி வெச்சா அப்படித்தான்" என்றார். நான் நோட்டைத் திறந்து, அவருக்கே ஸ்கோப் பாடம் நடத்திவிட்டு, நீளமானதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பயிற்சியில் ஒரு குறையும் தெரியவில்லை. ஏனென்றால் அன்று ஒரே ஒரு குறி அட்டைதான் மாட்டியிருந்தோம். நினைத்தாலும் வேறு எதையும் சுட முடியாது. அமல்ராஜ் தன் முறை வந்ததும் எட்டுக்குத் திருப்பிக்கொண்டான். "இருபத்து நாலு இருக்கும்போது எட்டுல வெச்சா, மிச்சம் பதினாறும் வேஸ்ட்டுதானடா?" என்று கேட்டேன். அவன் லென்ஸைத் துடைத்துவிட்டுப் படுத்தான்.

வீட்டுக்கு எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா படகு ஓட்டுபவர். கடல் விளிம்பில் வரும் படகு யாருடையது என்று, அது சாய்கிற சாய்ப்பை வைத்தே வெறுங்கண்ணால் சொல்லிவிடுவார். ஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கடல் பக்கம் அங்குமிங்கும் ஆட்டினார்.

"வெறும் தண்ணியா இருக்குதே. படகு எங்கடா?"

"உனக்குப் புடிக்கத் தெரியலப்பா" என்று வாங்கிக்கொண்டேன்.

போட்டியன்று அப்பா கடலுக்குப் போகவில்லை. நான் சுடுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வாங்கி அணிந்திருந்தார். சிதம்பரம் பஸ்ஸில் அவருக்கு வகுப்பெடுத்தேன். "அங்க ஒரு சத்தம் வரக்கூடாதுப்பா. உனக்கு ஏதாவது தப்பா தெரிஞ்சாலும் வாயத் தொறக்காத. அதெல்லாம் உனக்குப் புரியாது."

"சரிப்பா" என்றார்.

சிதம்பரத்துக்கு வெளியே, மண்மேட்டை முதுகாக வைத்த ரேஞ்ச். மேட்டுக்கு முன்னால் பத்து அட்டைகள் வரிசையாக, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் எண் எழுதிய பலகை. எங்களுக்கு ஆறாம் நம்பர். ஏழாம் நம்பர்காரர் வரவில்லை. அட்டை மட்டும் தொங்கியது. முதலில் நான். அமல்ராஜ் வழக்கம்போலப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டிருந்தான். அப்பா, பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே கைகட்டி நின்றார்.

படுத்தேன். இருபத்து நான்கில் வைத்தேன். வெயிலில் காற்று நெளிந்தது, என் நெஞ்சுத் துடிப்புக்கு உலகமே குதித்தது. மண், மண், ஒரு கம்பு, மறுபடி மண், கடைசியில் ஒரு அட்டை! முழுக் கண்ணாடியையும் அடைத்துக்கொண்டு, நிலா மாதிரி. தலைக்கு மேலிருந்த எண் பலகை தெரியவில்லை. (இருபத்து நான்கில் எப்படித் தெரியும்?) விட்டால் திரும்பக் கிடைக்காது என்று அதையே பிடித்துக்கொண்டேன்.

முதல் குண்டு, நடு. இரண்டாவது, நடுவை ஒட்டி. ஓட்டை ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிந்தது. பத்துக் குண்டையும் சுட்டு எழுந்தபோது, பாய்க்கு ஒரு இனிப்பு டப்பா வாங்கிப்போய், அவரை மன்னித்துவிட்டும் வரலாம் என்று தீர்மானித்திருந்தேன்.

ரேஞ்ச் ஆபீசர் போய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"ஆறாம் நம்பர் யாருப்பா?"

"நான்தான் சார்!"

"அட்ட கடையிலேர்ந்து வந்த மாதிரியே இருக்குதே. திரும்ப மாட்டிக்கலாம்." பிறகு பக்கத்து அட்டையைக் காட்டினார். "ஏழுல ஆளே வரல. ஆனா தொண்ணூத்தாறு வாங்கியிருக்காரு. வந்திருந்தா இன்னும் நல்லா சுட்டிருப்பாரோ என்னவோ."

ரேஞ்சே சிரித்தது. என் புள்ளி: பூஜ்யம். என் வாழ்க்கையில் நான் வாங்கியதிலேயே சிறிய எண்; அதைவிடச் சிறியதாக ஒன்று வாங்கவே முடியாது.

அமல்ராஜ் கண்ணைத் திறந்தான். படுத்தான், எட்டுக்குத் திருப்பினான், தலையைத் தூக்கி வெறுங்கண்ணால் பலகையை ஒருமுறை பார்த்தான். தொண்ணூற்று நான்கு சுட்டான். பூஜ்யத்தோடு கூட்டினாலும் தொண்ணூற்று நான்குதான். கடைசி இடம். என்னுடைய தொண்ணூற்றாறு சரியான அட்டையில் விழுந்திருந்தால் முதலிடம் என்று யாரோ கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அது அவன் காதிலும் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் ஜன்னலோரம், அப்பா நடுவில், அமல்ராஜ் ஓரத்தில். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியது. பிறகு கேட்டேன்.

"நான் தப்பா சுடுறது உனக்குத் தெரிஞ்சுதாப்பா?"

"மொத வெடியிலயே தெரிஞ்சுது. மண்ணு ஏழுக்குப் பின்னாலதான பொங்குச்சு."

"அப்ப ஏம்ப்பா சொல்லல?"

"நீதான வாயத் தொறக்காதன்ன." கொஞ்சம் யோசித்து, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார்: "அதுவும் இல்லாம, பத்து தடவையும் அங்கயேதான சுட்ட? படிச்ச புள்ள, ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

அமல்ராஜ் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீரும் இருந்தது; அது சிரிப்பால் வந்ததுதானா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அவன் மஸ்கட் போய்விட்டான். அந்த மாநில ரேஞ்சில் அவன் படுக்கவே இல்லை. நான் நீளமானதைப் பாயிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் குட்டையானதை எடுத்து வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

எங்கள் வீட்டில் இன்றும் நான் சட்டையைத் திருப்பிப் போட்டால், சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டினால், அம்மா சிரிக்காமல் சொல்வாள்: "வுடு, படிச்ச புள்ள. காரணம் இருக்கும்." மஸ்கட்டிலிருந்து அமல்ராஜும் வாய்ஸ் மெசேஜில் அதையே சொல்கிறான்.

அப்பா மட்டும் சொல்வதில்லை. போட்டியன்று ராத்திரியே நான் அவரிடம், "இனிமே எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தோணுனா உடனே கத்திடுப்பா" என்று கெஞ்சியிருந்தேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். போன மாதம் கிளப்பில் மூன்றாம் நம்பரில் குட்டை ஸ்கோப்போடு படுத்து, பலகையை வெறுங்கண்ணால் பார்த்து, மூச்சை அடக்கி, விசையில் விரல் வைத்த நொடியில் கயிற்றுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது:

"டேய், மூணுடா! மூணு!"

நான் மூன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஞ்ச் ஆபீசர் அவரை வெளியே அனுப்பினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன், சரிப்பா என்று.