நான் நிறுத்த வெடிமருந்து

இந்த உலகத்தில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: நிறுப்பது. கார் ஓட்டினால் பக்கத்தில் இருக்கும் மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். சமைத்தால் புகை அலாரம் கத்தும். ஆங்கிலத்தில் தொலைபேசியில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் தன் மேலாளரைக் கூப்பிடுவார். ஆனால் லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு நகைக்கடையில் இருபத்தேழு வருடமாகத் தங்கம் நிறுத்திருக்கிறேன், ஒரு குன்றிமணி பிசகியதில்லை. அந்த ஒரே பெருமையையும் என் கையாலேயே நான் தொலைத்த கதை இது. (சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். என் வீட்டில் இதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை.)

வெடிச்சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவன் லண்டனில் வெடிச்சத்தம் கேட்கச் சந்தா கட்டினான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் மார்கரெட். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தன் தாயின் காப்பை நிறுத்துப் பார்க்க எங்கள் கடைக்கு வந்தவர், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்த விதத்தைப் பார்த்து, "உங்களைப் போல ஒருவர் எங்கள் கிளப்புக்கு வேண்டும்" என்றார். நான் செஸ் கிளப் என்று நினைத்துத் தலையாட்டினேன். அது வால்தம்ஸ்டோ பக்கம் ஒரு பழைய களஞ்சியத்தின் நிலவறையில் இயங்கிய துப்பாக்கி சுடும் கிளப். மார்கரெட்தான் அதன் செயலாளர்.

முதல் நாள் அந்த மருந்துப் புகையின் மணம் மூக்கில் ஏறியபோது கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். திரும்பி ஓடத்தான் நினைத்தேன். ஆனால் அங்கே துப்பாக்கி வைத்திருந்த ஒவ்வொருவரும் சுடுவதற்கு முன் அனுமதி கேட்டார்கள். "நிறுத்து" என்றால் நிறுத்தினார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் அனுமதி கேட்பதை என் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் கண்டேன். அது எனக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது, தங்கிவிட்டேன்.

என் மனைவி வாசுகிக்கு எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

"உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தது, இஞ்சை வந்து வெடி வைக்கவோ?" என்றாள். பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்து, எனக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்துவிட்டுப் போன அன்று அவள் என்னோடு பேசவே இல்லை.

இந்த நாட்டில் சாதாரணக் கைத்துப்பாக்கிக்குத் தடை. ஆனால் குழல் ஓர் அடிக்கு மேல் நீண்டு, பிடியின் பின்பக்கம் ஒரு கம்பியும் நீட்டிக்கொண்டிருந்தால் சட்டம் கண்டுகொள்ளாது. என்னுடைய சுழல்துப்பாக்கி அந்த வகை. பார்த்தால் குடைக்கம்பி குத்திய விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அதற்கான தோட்டாக்களை நாங்களே செய்துகொள்வோம். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கோதைத் துப்புரவாக்கி, அதில் ஒரு சிட்டிகை மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ரவை என்ற ஈயக்குண்டை அழுத்தி வைக்க வேண்டும். அந்த ஒரு சிட்டிகையில்தான் உயிர் இருக்கிறது. கூடினால் துப்பாக்கி வெடிக்கும், குறைந்தால் ரவை குழலுக்குள்ளேயே படுத்துவிடும்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு புரட்டாதி மாதத்தில், நாங்கள் வழக்கமாகப் பாவித்த மருந்து கடைகளில் இல்லாமல் போயிற்று. வேறொரு வியாபாரி புதிய மருந்து ஒன்று வைத்திருந்தார். பரீட்சித்துப் பார்க்க ஒரு டின் தந்தார். குளிர்காலம் முழுவதற்கும் போதுமான அளவு அவரிடம் இருந்தது, ஆனால் இன்னொரு கிளப்பும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கிழமைக்குள், பதினான்கே நாளில், முடிவு சொல்ல வேண்டும்.

"பரீட்சிக்கிற வேலையை அவரிடம் கொடுப்போம். தங்கம் நிறுக்கிறவர்" என்றார் மார்கரெட்.

நாற்பது வருடமாகத் தன் தோட்டாவைத் தானே செய்யும் கெவின் என்ற ஓய்வுபெற்ற ரயில் சாரதி என்னை ஒரு பார்வை பார்த்தார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மார்கரெட் என்னிடம் மட்டும் சொன்னார்: "என் கண் போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் குளிர்காலப் போட்டிதான் எனக்குக் கடைசி. நல்ல மருந்தாக இருக்கட்டும்." பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். நான் நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தேன். (எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.)

மருந்து நிறுப்பதற்கென்று வீட்டில் ஒரு சின்னத் துலாத் தராசு வைத்திருந்தேன். ஒரு பக்கம் பித்தளைத் தட்டு, மறுபக்கம் நகர்த்தும் எடை. அந்தக் கிழமை சரஸ்வதி பூசை. முன்னறையில் கொலுப்படி மாதிரி அடுக்கி, மகள் தாரணியின் லாப்டொப், வாசுகியின் தையல் மெசின், கார்ச் சாவி எல்லாம் வைத்தாயிற்று.

"இஞ்சேருங்கோ, உந்தத் தராசையும் கொண்டு வந்து வையுங்கோ. தொழில் சாமானெல்லே" என்றாள் வாசுகி. கிளப் விஷயத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். நான் உருகிப்போனேன். முதல் நாளே தராசைத் துடைத்து, முள்ளைச் சரியாகப் பூச்சியத்தில் நிறுத்தி, குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதுபோல அவளிடம் கொடுத்தேன். கூடவே அப்படித் தொடாதே, இப்படிப் பிடிக்காதே என்று நூறு கட்டளையும் போட்டேன்.

விஜயதசமி காலையில் முழுகி, திருநீறு பூசி, தராசை எடுத்தேன். தண்டில் ஒரு சந்தனப் பொட்டு நடுவில் குங்குமத்தோடு அழகாக இருந்தது. தண்டு சமன் நிற்கிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை. பூசையில் வைத்து எடுத்த தராசைச் சந்தேகப்படுவதா என்று ஒரு பக்தி. வியாபாரியின் கைநூலில் போட்டிருந்த அளவுப்படி ஐந்து தோட்டாவுக்கு மருந்து நிறுத்தேன். முள் அப்படியே ஆடாமல் நின்றது. கலைமகளே கூட இருந்து நிறுக்கிறாள் என்று எனக்குப் புல்லரித்தது.

செவ்வாய்க்கிழமை கிளப்பில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கெவின் ரவையின் வேகத்தை அளக்கும் கருவியோடு உட்கார்ந்தார். மார்கரெட் என் தோளுக்குப் பின்னால் நின்று அனுமதி தந்தார்.

முதல் வெடி, யாரோ கார்க் கதவைச் சாத்தியதுபோல் கேட்டது. இரண்டாவது ரவை இலக்குக்குக் கீழே, வெறும் மரத்தில் பட்டது. மூன்றாவதில் கெவின் தன் கருவியைத் தட்டிப் பார்த்தார், பற்றரி தீர்ந்துவிட்டதோ என்று. நான்காவது "புஸ்" என்றது. அவ்வளவுதான். தாளில் துளையில்லை, மரத்தில் துளையில்லை. பதற்றத்தில் என் விரல் ஐந்தாவதை அழுத்தப் போயிற்று.

"நிறுத்து!"

முப்பது வருடம் கணக்கு வகுப்பை அடக்கிய குரல் அது. நான் சிலையானேன். மார்கரெட் என் கையைப் பிடித்துத் துப்பாக்கியை மெல்ல மேசையில் வைக்கச் செய்தார். நான்காவது ரவை குழலின் பாதி வழியில் சிக்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவதையும் சுட்டிருந்தால் குழல் பிளந்து என் கையையோ கண்ணையோ கொண்டு போயிருக்கும். ஊரில் இத்தனை வெடிக்குத் தப்பியவன் வால்தம்ஸ்டோ நிலவறையில் என் சொந்த வெடியில் சாகப் பார்த்தேன்.

கெவின் ஒரு பித்தளைக் கம்பியும் மரச் சுத்தியலும் கொண்டுவந்து அந்த ரவையைத் தட்டி வெளியே எடுத்தார். பிறகு மிகப் பணிவாகக் கேட்டார்: "எடை சரிதானா?"

அங்கேதான் நான் அழிந்தேன். "இருபது வருடம் தங்கம் நிறுக்கிறேன். மருந்துதான் பிழை" என்றேன். மார்கரெட் என்னை நம்பினார்.

அதோடு விட்டேனா? இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதி வியாபாரிக்கும் அனுப்பினேன். அவர் மரியாதையாகப் பதில் போட்டார்: மற்றவர்கள் எவரும் குறை சொல்லவில்லை, தயவுசெய்து உங்கள் தராசை ஒருமுறை சரிபார்க்க முடியுமா என்று. நான் கொதித்துப்போய் மூன்று பந்தியில் மறுமொழி எழுதினேன். 'அவமதிப்பு' என்ற சொல் அதில் இரண்டு தடவை வந்தது. (தாரணி எடுக்கச் சொன்னாள். நான் மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன்.) எங்கள் கிளப் மருந்து வேண்டாம் என்றது. மற்றக் கிளப் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், தாரணி தன் ஒற்றைக் காதுத் தோட்டை நிறுத்துப் பார்க்கத் தராசை எடுத்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

"அப்பா, தட்டுக்குக் கீழ வாட் இஸ் திஸ்? டேர்ட்டியா இருக்கு."

"என்ரை தராசிலை ஊத்தை இருக்காது பிள்ளை."

அவள் தட்டைத் திருப்பிக் காட்டினாள். அடியில் சந்தனம். காய்ந்து, இறுகி, நடுவில் குங்குமத்தோடு வட்டமாக ஒரு பெரிய பொட்டு. அதையும் சேர்த்து மருந்து என்று நிறுத்திருக்கிறேன். சுரண்டி எடுத்து நிறுத்தேன். ஒரு தோட்டாவுக்குப் போடவேண்டிய மருந்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. அந்த மாதத்தில் நான் ஒழுங்காக நிறுத்த ஒரே பொருள் அதுதான்.

"இஞ்சரும்!" என்று வாசுகியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "தட்டிலை சந்தனம் வைச்சது நீரோ?"

"ஓம். ஏன்?"

"ஏன் அடியிலை வைச்சனீர்?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், மேலை வைச்சா மருந்து ஒட்டும், மேலை வைக்காதையும் எண்டு. அதுதான் கீழை வைச்சனான்."

நூறு கட்டளையில் அவள் கேட்டு நடந்தது அந்த ஒன்றைத்தான். நான் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மார்கரெட்டின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது, வெட்கத்தில் அழுகை வந்தது.

மற்றக் கிளப்புக்குத் தொலைபேசி எடுத்தேன், கொஞ்சமாவது திருப்பிக் கேட்கலாம் என்று. பங்கு பிரித்து முடிந்துவிட்டதாம். "அற்புதமான மருந்து. இதை வேண்டாம் என்று சொன்ன மடையன் யாரோ, அவனுக்கு எங்கள் நன்றி" என்றார் அங்கிருந்தவர். சொல்லிவிடுகிறேன் என்று வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எட்டுப் பேருக்கு முன்னால் எழுந்து நின்று, சரஸ்வதி யார், அவளுக்கு ஏன் தராசு வைக்கவேண்டும், பொட்டு என்றால் என்ன என்றெல்லாம் என் ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"அப்படியானால் மருந்தில் பிழையில்லை" என்றார் கெவின்.

"இல்லை."

"உங்கள் தெய்வத்திலும் பிழையில்லை."

"இல்லை."

அவர் தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். மார்கரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். நாலு பேச்சு ஏசியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும். மிச்சமிருந்த பழைய மருந்தில் அவர் பயிற்சியே இல்லாமல் போட்டிக்குப் போனார், நாலாவதாக வந்தார், வசந்தத்தில் தன் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். இந்த இடத்துக்கு மட்டும் எனக்கு இன்றுவரை ஒரு பகிடியும் வரவில்லை.

வீட்டில் பகிடிக்குப் பஞ்சமே இல்லை. நான் ஒன்றை அடித்துச் சொன்னால் போதும், தாய் மகள் இருவரில் ஒருத்தி கைக்கெட்டிய தட்டைத் தூக்கி அடியைப் பார்ப்பாள். போன மாதம் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்குத் தாரணியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெடியனும் தாரணியும் ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று, பெரியவர்களுக்காக ஒரு சடங்கு. சபையில் மதிப்பாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நான் தொண்டையைக் கனைத்தேன்.

"நான் எல்லா இடமும் விசாரிச்சிட்டன். தம்பி சொக்கத் தங்கம். நான் சொன்னாப் பிசகாது."

தாரணி குனிந்து, பெடியனுக்கு முன்னால் இருந்த பலகாரத் தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தாள். வாசுகி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். வந்தவர்கள் திகைத்துப்போய் என்னைப் பார்க்க, வேறு வழியில்லாமல் இந்தக் கதை முழுவதையும் நானே அவர்களுக்குச் சொல்லவேண்டியதாயிற்று.

சொல்லி முடிந்ததும் பெடியனின் தகப்பன் சிரிக்கவில்லை. தன் தட்டை மெதுவாகத் தூக்கினார். அடியைப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "தம்பி, எதுக்கும் உன்னைப் பற்றி நாங்களும் ஒருக்கா விசாரிப்பம்" என்றார்.