நூற்றைத் தாண்டிய பாறை

அந்த ஜனவரியில் மோதி பாக் குடியிருப்பில் கல் இல்லாத மனிதனே இல்லை. மஃப்ளருக்குள் தலையும் கோட்டுப் பைக்குள் கல்லுமாகத் தில்லித் தமிழர்கள் ராஜகோபாலன் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். உள்ளே கல்செவிச் சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். எந்தக் கல்லையும் காதில் வைத்துக் கேட்டு அதன் பலத்தைச் சொல்லிவிடுவார். அதுவும் நூற்றுக்கு இவ்வளவு என்று. நம்மவர்கள் கடவுளைக்கூடச் சந்தேகிப்பார்கள். மார்க்கைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

காமாக்ஷி மாமி அம்மிக் குழவியைச் சுமந்து வந்தாள். ஓய்வுபெற்ற அதிகாரி ராமமூர்த்தி, தம் சிறுநீரகத்திலிருந்து டாக்டர் எடுத்துக் கொடுத்த கல்லை மாத்திரை டப்பாவில் கொண்டுவந்தார். நாற்பத்திரண்டு என்று வாக்கு கிடைத்தது. மனிதர் பேரன் பாஸான மாதிரி பூரித்துப்போனார்.

வேடிக்கையில்லாத கல் ஒன்றும் வரவிருந்தது. இமயமலையில் மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு சுரங்கம் குடைந்துகொண்டிருந்தார்கள். அதன் கூரைக்கு இரும்பு வளைவுகளால் முட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்று தில்லியில் முடிவுசெய்ய வேண்டியவர் தலைமைப் பொறியாளர் நல்லசிவம். பாறைக்கு எழுபது மார்க் விழுந்தால் இரும்பு வேண்டாம். வேலை சீக்கிரம் முடியும். அவருடைய அலுவலகத்துப் புவியியலாளர் லீலாவதியோ நாற்பதுக்கு மேல் தர மறுத்தாள். அவள் கணவன் ராஜசேகரன் அந்தக் கூரைக்கு அடியில்தான் தினமும் வேலை பார்த்தான்.

"லேப்ல அந்தக் கல்லை உடைக்கவே முடியலையேம்மா," என்றார் நல்லசிவம்.

"கல்லு உடையாது சார். மலை உடையும். துளை போட்டப்ப முழுசா வந்த துண்டைத்தான் லேபுக்கு அனுப்பினாங்க. நொறுங்கி வந்ததை அங்கேயே கொட்டிட்டாங்க. முதல் ரேங்க் பையனை மட்டும் பரீட்சைக்கு அனுப்பிட்டு, ஸ்கூலே பாஸ்னா எப்படி?"

"அச்சா. நீ ஒண்ணு சொல்றே, லேப் ஒண்ணு சொல்லுது. சாமிகிட்டயே கேட்டுருவோம்."

பொறியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர் பேசிய பேச்சு இது.

லீலாவதி முதலில் தனியாகப் போய், கூட்டத்தின் மூலையில் உட்கார்ந்தாள். கல்லைச் சிவப்புப் பட்டில் பொதிந்துதான் தர வேண்டும். வெளிச்சம் பட்டால் கல் கூச்சப்படுமாம். கொண்டுவந்தவர் சுவாமிக்கு எதிரே, முகம் பார்த்து அமர வேண்டும். சுவாமி மெதுவாக எண்ணிக்கொண்டே போவார், ஓரிடத்தில் நிறுத்துவார். எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். லீலாவதி கல் கொண்டுவந்தவர்களின் தலையைப் பார்த்தாள். பிறகு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்லசிவம் சுவாமிக்கு எதிரே பயபக்தியுடன் அமர்ந்தார். லீலாவதி ஒரு பட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். சுவாமி காதில் வைத்துக்கொண்டார்.

"ஐம்பது... அறுபது... அறுபத்தஞ்சு... எழுபது..."

நல்லசிவத்தின் தலை, அவரைக் கேட்காமலே மேலும் கீழும் ஆடியது.

"எழுபது! மலையே தாங்கும்."

"பார்த்தியாம்மா?"

லீலாவதி பட்டைப் பிரித்தாள். வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கட்டி. "கொஞ்சம் நாக்குல வச்சுப் பாருங்க சார்."

சபையில் அத்தனை பேரும் பார்க்க, தலைமைப் பொறியாளர் பாறையை நக்கினார். முகம் கோணியது. "உப்பு கரிக்குது."

"இந்துப்பு சார். நம்ம சுரங்கத்துல என்ன ஓடப்போகுது?"

"தண்ணி," என்றார் அவர், மிகச் சன்னமாக.

சுவாமி அசரவில்லை. "இந்துப்பும் பூமியில வெட்டி எடுக்கிற பாறைதான் மகளே. அதோட பலத்தைச் சொன்னேன்." கூட்டம் ஆஹா என்றது. நம் கூட்டம் எதற்குத்தான் ஆஹா சொல்லவில்லை?

"சரிங்க சாமி. இது நிஜமா சுரங்கத்துக் கல்லு." இரண்டாவது பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். "சார், நீங்க சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருங்க. இந்தக் கம்பளியைத் தலையோட போத்திக்கோங்க."

"எதுக்கும்மா?"

"குளிருதில்ல."

நல்லசிவம் கம்பளி மூட்டையானார். சுவாமி தொடங்கினார். "ஐம்பது... அறுபது... எழுபது..." மூட்டை அசையவில்லை. சுவாமி லீலாவதியைப் பார்த்தார். அவள் சிலையாக இருந்தாள். "எண்பது..." ராஜகோபாலனைப் பார்த்தார்; அவர் பாவம், தமக்கு என்ன தெரியும் என்று விழித்தார். "தொண்ணூறு... தொண்ணூத்தஞ்சு..." நெற்றியில் வேர்த்தது, ஜனவரியில். "நூறு... நூத்தஞ்சு..."

"எத்தனைக்கு சாமி நூத்தஞ்சு?" என்றாள் காமாக்ஷி மாமி. அவள் பள்ளிக்கூட டீச்சர்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பளியை விலக்கிய நல்லசிவம் சிரிக்கவில்லை. "கல்லை இல்லை, என் தலையைத்தான் கேட்டுச் சொல்லியிருக்கான்," என்றார்.

"உங்க தலை ஆசைப்பட்டதை சார். அது நினைச்சதை இல்லை," என்றாள் லீலாவதி. "நாளைக்கு என்ன கையெழுத்துப் போடப்போறீங்க?"

"நாற்பது. இரும்பு போகும்மா."

சுவாமி பின்வாசல் வழியாக ஆட்டோ பிடித்தார். அந்தக் கோடையில் சுரங்கத்தில் ஒரு பகுதிக் கூரை இறங்கி, இரும்பு வளைவுகளின் மேல் உட்கார்ந்தது. ராஜசேகரன் தலையில் புழுதியோடு வெளியே நடந்து வந்தான்.

ராமமூர்த்தி மட்டும் இன்றும் மாத்திரை டப்பாவும் கையுமாக அலைகிறார். "அப்ப என் நாற்பத்திரண்டும் பொய்யா?" என்கிறார்.

ஐயா, தலையை மேலும் கீழும் ஆட்டுவதற்கு முன், அதற்குள் இருப்பதை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அது இன்னும் இந்துப்பாய்க் கரைந்துவிடவில்லை என்றால்.