கப்பைக் கவிழ்த்துப் பார்த்த மாப்பிள்ளை

விருத்தாசலம்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய வேப்பூர் மாமா அவர்களுக்கு, மைத்துனன் பழமலைநாதன் வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வீட்டில் என்னமோ சதி நடக்கிறது மாமா. போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், தெருவே கேட்கும். முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர் நீங்கள். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

போன மாதம் நம் வெண்பாவைப் பெண் பார்க்க வந்தானே, மங்கலம்பேட்டை பாரி, பீங்கான் டிப்ளமோ படித்த பையன். டீயைக் குடித்து முடித்ததும் கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்! இருபது வருஷமாகக் கப்பு செய்கிறவன் வீட்டில் வந்து கப்பைச் சோதிக்கிறான், எவ்வளவு திமிர் பாருங்கள். அடியில் வேறு கம்பெனி பேர் இருந்தது, அது தனி விஷயம். அந்தத் தடவை சூளையிலிருந்து வந்த நம் கப்பெல்லாம் கோணல், விருந்தாளிக்கு எப்படிக் கொடுப்பது? சம்பந்தம் வேண்டாமென்று அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டேன். வெண்பாவும் ‘சரிப்பா’ என்று போய்விட்டாள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

இப்போது எம்.ஏ. பாடம் என்று ஒரு பழைய இங்கிலீஷ் காதல் நாவலை வைத்துக்கொண்டு, சாப்பிடும்போதெல்லாம் அவள் அம்மா பூங்கோதைக்குக் கதை சொல்கிறாள். அதில் ஒரு பணக்காரன், விசேஷத்துக்கு வந்து யாரோடும் பேசாமல் நிற்கிறான், எல்லோரும் கர்வம் பிடித்தவன் என்கிறார்கள். திங்கட்கிழமை வரை கதை ஒழுங்காகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை, “வெறும் கர்வம் இல்லம்மா, கூச்ச சுபாவம்தான் அதிகம்” என்கிறாள். புதன்கிழமை அவன் யாருக்கும் தெரியாமல் கதாநாயகியின் குடும்பத்துக்கே பெரிய உபகாரம் செய்துவிட்டான். பூங்கோதை மோர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, “பாவம், நல்ல புள்ளய தப்பா நெனைச்சிட்டாங்களே” என்று என்னைப் பார்க்கிறாள். என்னை ஏன் பார்க்க வேண்டும்? இட்டுக்கட்டுகிறாள் மாமா, சத்தியமாக இட்டுக்கட்டுகிறாள்!

நேற்று மடக்கினேன். “அப்ப தப்பு யாரு மேலதான்?”

“ரெண்டு பேரு மேலயும்பா. அவருக்கு கர்வம், அந்தக் கதாநாயகிக்கு அவசரப்பட்டு ஆள எடபோடுற புத்தி. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்தா யாரும் நம்பமாட்டாங்கன்னு பிரிச்சி வெச்சிருக்காங்க.”

பூங்கோதைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. வெண்பாவும் சிரித்தபடியே எழுந்து போனாள். ஆனால் கை கழுவுகிற இடத்தில் குழாய் வெகுநேரம் ஓடியது மாமா.

வேண்டாமென்று சொன்னவன் நான். இப்போது நானே போன் போட்டால் ஊரில் என் மரியாதை என்னாவது? கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டலாமென்றால் யார் மேல் கட்டுவது என்று தெரியவில்லை. உண்மையிலேயே அப்படி ஒரு நாவல் இருக்கிறதா, கடைசியில் என்ன ஆகிறது என்று எழுதுங்கள். அக்காவுக்கு என் அன்பு, கடிதத்தை மட்டும் காட்ட வேண்டாம். நம்மூர்ச் சாமி பழமலைநாதர் உங்களை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
பழமலைநாதன்

பின்குறிப்பு: பதில் எழுத வேண்டாம். சற்றுமுன் பாரியின் அப்பாவுக்கு நானே போன் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றுகிறோம், அக்காவோடு வந்துவிடுங்கள். யார் கேட்டாலும் அவர்கள்தான் முதலில் கூப்பிட்டார்கள் என்று சொல்லுங்கள். அவரும், “அதுக்கென்னங்க, அப்படியே சொல்லிக்கலாம்” என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். வெண்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். என் போனை எடுத்துப் பார்த்திருப்பாளோ என்று சந்தேகமாக இருக்கிறது.